ஆப்பரேட்டர் செய்த மூன்று காரியங்கள்

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முட்டிவலி மட்டும் மழைக்கு முன்னால் வந்துவிடுகிறது, மழை விட்ட பிறகும் போவதில்லை. உங்கள் உடம்பு எப்படி? இருமல் நின்றதா? புது அறையில் காற்று வருகிறதா?

நீங்கள் சூப்பர்வைசர் ஆனதை அம்மா மாடிப்படியில் நின்றபடியே அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிவிட்டாள். கோடி வீட்டு அம்மாவுக்குக் காது கேட்காது என்பதால் அவருக்கு மட்டும் ஜாடை. அட்டைப்பெட்டித் தொழிற்சாலையை எப்படிக் காட்டுவது என்று தெரியாமல் காற்றில் கத்தரிக்கோல் பிடித்து வெட்டிக் காட்டினாள். நீங்கள் தையல்கடை வைத்திருப்பதாக அவர் நம்பிக்கொண்டிருக்கிறார்.

நீங்கள் இங்கிலீஷில் எழுதிய மாத ரிப்போர்ட்டைத் திருத்தி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் பயந்த அளவுக்கு மோசமில்லை அப்பா. ஒரே ஒரு வியாதிதான். அதற்கு மருந்தை எங்கள் புது இங்கிலீஷ் டீச்சர் இந்த வாரம்தான் சொல்லிக்கொடுத்தார். பேரலல் ஸ்ட்ரக்சர் என்று பெயர். டீச்சர் மூன்று பேரை ஒரே பெஞ்சில் உட்கார வைத்தார். ஒருத்தி முன்னால் பார்க்க வேண்டும், ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும், ஒருத்தி முதுகைக் காட்ட வேண்டும்.

"இதைப் பார்த்தா என்ன தோணுது?" என்றார்.

"சண்டை போட்டிருக்காங்க டீச்சர்" என்றாள் பின்பெஞ்ச்காரி.

"அதேதான். ஒரு வாக்கியத்துல மூணு விஷயத்தை வரிசையா வச்சா, மூணும் ஒரே பக்கம் பார்க்கணும். 'படிக்கிறான், எழுதுறான், பாடுறான்'னு போகணும். நடுவுல 'எழுதுவது'ன்னு ஒண்ணு வந்து முதுகைக் காட்டக் கூடாது."

அன்றிலிருந்து எனக்கு வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. பஸ்ஸில் எழுதியிருக்கும் எச்சரிக்கை, மருந்து பாட்டிலின் பின்பக்கம், எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கிறார். நேற்று அம்மா, "கதவைச் சாத்து, விளக்கை அணை, படிச்சது போதும்" என்றாள். மூன்றாவது பொருந்தவில்லை என்றேன். "முதுகுல ஒண்ணு வச்சா பொருந்தும்" என்றாள்.

உங்கள் ரிப்போர்ட்டில் வேலை நன்றாக நடக்கிறது, ஆட்கள் நேரத்துக்கு வருவது, வேஸ்ட் இல்லாமல் என்று மூன்றும் மூன்று திசையைப் பார்த்தன. ஒரே பக்கம் திருப்பிவிட்டேன். அடுத்ததையும் அனுப்புங்கள். வெந்நீர் குடியுங்கள்.

உங்கள் பிரியமுள்ள மகள்


ஜூன் 24

என் கண்ணுக்கு,

அப்பா சுகம். இருமல் இருக்கிறது, ஆனால் பழகிவிட்டது. அம்மாவை மாடிப்படி அதிகம் ஏறி இறங்க வேண்டாம் என்று சொல்.

நீ திருத்தியதை மானேஜரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஆள் வச்சு எழுதுறியா?" என்றார். "இல்ல சார்" என்றேன். மகளை ஆள் என்று சொல்ல முடியாதே. மனதுக்குள் எவ்வளவு பெருமை என்று எழுத எனக்கு வராது.

அறையில் இரண்டு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைச் சுவர். தலையணையைத் தட்டினால் அட்டைத் தூசி பறக்கும். அடுத்த கட்டிலில் இருப்பவர் எனக்குக் கீழே வெட்டும் மெஷின் ஓட்டுகிறார். மெஷின் சத்தத்துக்கு மேல் பாடுவார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார், இப்போது தானும் எழுதுவேன் என்று பேனாவைப் பிடுங்குகிறார்.

அப்பா

டிக்‌ஷனரியம்மாவுக்கு, பக்கத்துக் கட்டில் மாமா எழுதுறேன். உங்கப்பா உன் கடிதாசியை எனக்காக ஒரு தடவை படிச்சார், தனக்காகப் பல தடவை படிச்சார். நான் தூங்கிட்டேன்னு நினைச்சு. எனக்கும் ஒரு இங்கிலீஷ் வாக்கியம் செஞ்சு அனுப்பு. நாளைக்கு என் பொண்ணு பள்ளிக்கூடம் போய், அப்பாவுக்கு என்ன தெரியும்னு கேட்டா எடுத்து விடணும். இப்பதான் அவளுக்குப் பல்லு முளைக்குது, அதனால அவசரமில்ல. வீட்டு விலாசம் கீழே இருக்கு. படம் போட்ட பழைய புத்தகம் இருந்தா அவளுக்கு அனுப்பு. படிக்க மாட்டா, தின்னுவா.


ஜூலை 6

அன்புள்ள அப்பாவுக்கும் பக்கத்துக் கட்டில் மாமாவுக்கும்,

இருவரும் நலமா? இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் அம்மாவும்தான். எழுதும்போதாவது வீட்டில் கூட்டம் இருக்கட்டுமே.

மாமா, உங்கள் வாக்கியம் தயார். I cut, I fold and I sing. நான் வெட்டுகிறேன், மடிக்கிறேன், பாடுகிறேன். மூன்றும் உங்களையே பார்த்து நிற்கின்றன. டீச்சரிடம் காட்டினேன். "யாரு இவர்?" என்று கேட்டார். "எங்கப்பாவோட ரூம்ல இருக்கறவர் டீச்சர்." "சந்தோஷமான மனுஷனா இருப்பார் போல" என்றார். புத்தகம் தனியாக வருகிறது. யானைப் பக்கத்தின் மூலையை நான் சின்ன வயதிலேயே கடித்துவிட்டேன். மீதியை உங்கள் மகள் பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா, அந்த மெஷினைப் பற்றி எழுதுங்கள். ஒரு பொருளைப் பார்க்காமல் அதைப் பற்றிய இங்கிலீஷைத் திருத்துவது கஷ்டம். "ஃபீட்" என்று நீங்கள் எழுதியதை, அங்கே மாடு ஏதோ வளர்க்கிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்று. பத்தாவது முடிந்ததும் நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் விடுதியில் தங்கிப் படிக்கலாம் என்று டீச்சர் சொல்கிறார். "உங்கப்பா சூப்பர்வைசராச்சே, கேட்டுப் பாரு" என்றார். கேட்டுப் பார்க்கிறேன். முடியாது என்றால் ஒன்றுமில்லை.

உடம்பைக் கவனித்துக்கொள்ளும்படி அம்மா சொல்லச் சொன்னாள்.

உங்கள் மகள்


ஜூலை 28

என் கண்ணுக்கு,

நலம். இருமுவதற்குக்கூட நேரமில்லை. அம்மாவின் முட்டிக்கு டாக்டர் என்ன சொன்னார்?

மெஷின் என்பது ஒரு இரும்பு மேஜை. அட்டையை உள்ளே தள்ளினால் (ஃபீட் இதுதான், மாட்டுக்கு இல்லை) மேலிருந்து கத்தி இறங்கி வெட்டும். கத்திக்கு முன்னால் ஒரு கம்பிக் கூண்டு. அது மூடிய பிறகுதான் கத்தி இறங்கும். ஒவ்வொரு தடவையும் திறந்து மூட வேண்டும். கை பத்திரம், ஆனால் வேலை மெதுவாகத்தான் நடக்கும். மேலிடத்தில் பெட்டி அதிகம் கேட்கிறார்கள். நான் பொறுப்பேற்ற பிறகு பெட்டிக் கணக்கு ஏறவேயில்லை என்று மானேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். எப்படியாவது ஏற்ற வேண்டும்.

பெரிய பள்ளிக்கூடத்தில் உன்னைச் சேர்த்துவிடுகிறேன். அதற்குத்தானே இதெல்லாம்.

அப்பா

டிக்‌ஷனரியம்மாவுக்கு, மாமா. நீ குடுத்த வாக்கியத்தை மெஷின் பக்கத்துச் சுவத்துல சாக்பீஸால எழுதி வச்சிருக்கேன். வர்றவன் போறவன் எல்லாம் அர்த்தம் கேக்கறான், வாத்தியார் வேலை கூடிப்போச்சு. பொண்ணு யானையைத் தின்னு முடிச்சுக் குரங்குக்கு வந்துட்டாளாம். இன்னொரு சேதி. மெஷினோட கூண்டைக் கழட்டச் சொல்லி உங்கப்பா உத்தரவு. கழட்டி மூலையில சாய்ச்சு வச்சாச்சு. இப்ப மெஷின் பல்லு தெரியச் சிரிச்சுக்கிட்டு நிக்குது, பதிலுக்கு நானும் சிரிக்கிறேன். பாட்டை மட்டும் நிறுத்திட்டேன். கவனம் தப்பக் கூடாதில்ல?


ஆகஸ்ட் 21

மகளுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் ஒரு விபத்து. மேலிடத்துக்கு நான் எழுதிக் கொடுக்க வேண்டும். கீழே இருப்பதைத் திருத்தி உடனே அனுப்பு. வேறு விசேஷம் இல்லை.

அப்பா

Guard was removed. After that operator is starting machine. Hand not keeping careful, so accident.


ஆகஸ்ட் 26

அன்புள்ள அப்பாவுக்கு,

விபத்து என்ற சொல்லைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாள். உங்களுக்கு ஒன்றும் இல்லையே? யாருக்கு அப்பா? பெரிய காயமா? நமக்குத் தெரிந்தவர் யாரும் இல்லையே? மாமா ஏன் இந்தத் தடவை ஒரு வரிகூட எழுதவில்லை? ஊருக்குப் போயிருக்கிறாரா, இல்லை குரங்குப் பக்கத்தைக் கடித்ததற்கு நான் பதில் போடவில்லை என்று கோபமா?

உங்கள் மூன்று வாக்கியங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். இதுவரை நான் திருத்தியதிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது.

The operator removed the guard, started the machine and forgot his hand.

கூண்டைக் கழற்றியவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. செய்தவர் யாரென்று சொல்லாத வாக்கியம் முகத்தை மூடிக்கொண்டு வாசலில் வந்து நிற்கிற ஆள் மாதிரி என்று டீச்சர் சொல்வார். மற்ற இரண்டையும் ஆப்பரேட்டர்தான் செய்கிறார் என்பதால் முதலாவதற்கும் அவரையே வைத்தேன். அப்போதுதான் மூன்றும் ஒரே பக்கம் பார்க்கின்றன. தப்பாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.

"என்னடி எழுதற, முகமெல்லாம் பல்லா இருக்கு?" என்றாள் அம்மா. தமிழில் சொன்னேன். ஆப்பரேட்டர் கூண்டைக் கழற்றினார், மெஷினை ஓட்டினார், தன் கையை மறந்தார். "கையைப் போய் யாராவது மறப்பாங்களா?" என்றாள் அம்மா. அது ஒரு நடை அம்மா என்றேன்.

உடனே பதில் போடுங்கள். யாருக்கு என்று மட்டுமாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்


செப்டம்பர் 27

மகளுக்கு,

பதில் போட நாளாகிவிட்டது. நான் நலம். இருமல் குறைந்திருக்கிறது.

நீ எழுதியதை அப்படியே கொடுத்தேன். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. நன்றாக இருக்கிறது என்று மானேஜர் சொன்னார். உனக்கு ஒரு பெரிய அகராதி வாங்கித் தனியாக அனுப்பியிருக்கிறேன். பள்ளிக்கூட விண்ணப்பத்தை வாங்கி வை. பக்கத்துக் கட்டில் மாமா ஊருக்குப் போயிருக்கிறார். இங்கே பகலெல்லாம் வெயில்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


அக்டோபர் 7

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். அகராதி வந்தது. தூக்கவே இரண்டு கை வேண்டும். இன்னும் ஒரு பக்கமும் புரட்டவில்லை.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேரலல் ஸ்ட்ரக்சருக்கு ஆளுக்கொரு உதாரணம் கொண்டுவரச் சொன்னார் டீச்சர். எல்லோரும் அவன் ஓடுகிறான், குதிக்கிறான் என்று எழுதியிருந்தார்கள். நான் நம் வாக்கியத்தைக் கொடுத்தேன். டீச்சர் அதைக் கரும்பலகையில் எழுதி, "பாருங்க, மூணே அடி. மூணாவது அடியில நெஞ்சு பக்குனு ஆகுதில்ல?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். அப்போது பின்பெஞ்ச்காரி எழுந்து, "டீச்சர், அப்புறம் அந்த ஆளுக்குக் கை இருக்கா, இல்லையா?" என்று கேட்டாள்.

டீச்சர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை. நான் எழுதிய வாக்கியத்தில் இருக்கும் ஆளுக்குக் கை இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை அப்பா.

வீட்டுக்கு வந்து உங்கள் பழைய கடிதங்களை எடுத்தேன். ஜூலைக் கடிதத்தின் அடியில் மாமா எழுதியதை மறுபடி படித்தேன். அன்று அதைப் படித்தபோது சிரித்தேன். அவர் பாட்டை நிறுத்திவிட்டாரே என்று மட்டும் வருத்தப்பட்டேன். மெஷின்கள் நிறைய இருக்கும், இது வேறு மெஷின், வேறு ஆள் என்றுதான் ஆகஸ்டில் நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. வாக்கியத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது மாமாவா? கூண்டைக் கழற்றச் சொன்னது நீங்களா?

இந்த இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் போதும். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்


நவம்பர் 15

மகளுக்கு,

நான் நலம். அங்கே மழை அதிகம் என்று கேள்விப்பட்டேன். நனையாதே, பரீட்சை வருஷம்.

ஆமாம், அவர்தான். வலது கை, மணிக்கட்டோடு போய்விட்டது. நீ பயப்படுவாய் என்று எழுதவில்லை. விசாரணை நடந்தது. கூண்டைக் கழற்றியது நீயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். ஆகவே தவறு அவருடையது என்று முடிவு செய்துவிட்டார்கள். நஷ்டஈடு இல்லை, வேலையும் இல்லை. பிப்ரவரி கடைசியில் மேல்விசாரணை ஒன்று இருக்கிறது. அதிலும் அதே ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள்.

நீ எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. அதை மனதில் வைத்துக்கொள். மற்றதை நேரில் வரும்போது பேசுவோம். விண்ணப்பம் வாங்கினாயா?

அப்பா


டிசம்பர் 29

அப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

லீவு விட்டதும் நானும் அம்மாவும் மாமாவின் வீட்டுக்குப் போய்வந்தோம். புத்தகம் அனுப்பிய விலாசம் என்னிடம் இருந்தது. ஒரு பகல் முழுக்க பஸ். போகலாமா என்று உங்களிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வர ஒரு மாதம் ஆகும்.

ஒரே அறைதான் வீடு. மாமி தரையில் உட்கார்ந்து காகித உறை ஒட்டிக்கொண்டிருந்தார். எங்களை யார் என்று சொன்னதும் அவர் கை நின்றது, பிறகு மறுபடி ஒட்டத் தொடங்கினார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. மாமா இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. குரலை மட்டும் கையெழுத்தில் கேட்டிருக்கிறேன். அதே குரல்தான்.

"டிக்‌ஷனரியம்மாவா? அடேயப்பா, நான் ஏதோ கண்ணாடி போட்ட குட்டிப் பிள்ளைன்னு நினைச்சேன். இரு இரு, இந்தக் கடைசிப் பொத்தான் மட்டும் பாக்கி. காலையில ஆரம்பிச்சது."

அம்மா சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"மாமா, அந்த ரிப்போர்ட்டை நான்தான் எழுதினேன்" என்றேன். பஸ்ஸில் வேறு மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"தெரியுமே" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"விசாரணையில ஒருத்தர் இங்கிலீஷ்ல வாசிச்சார். இன்னொரு தடவை வாசிங்கன்னு கேட்டேன். அர்த்தத்துக்காக இல்ல. உங்கப்பா இங்கிலீஷ் எனக்குத் தெரியாதா? அது மேட்டுல ஏறுற வண்டி மாதிரி நின்னு நின்னு வரும். இது தண்டவாளத்துல போற மாதிரி போச்சு. சரி, நம்ம பொண்ணு எழுதினதுன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

"நீங்களா கழட்டினீங்கன்னு கேட்டப்ப ஆமான்னு சொன்னீங்களாமே?"

"கழட்டினது என் கைதானே? அந்தக் கைதான் இப்ப இல்லை." அவராகவே சிரித்தார். "உங்கப்பா சொல்லித்தான் கழட்டினேன்னும் சொன்னேன். எழுத்துல இல்லையேன்னாங்க. உங்கப்பா வாயைத் திறப்பார்னு பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு நின்னார்."

"இது சின்னப் பொண்ணு எங்கேயோ உட்கார்ந்து எழுதினது, அவ மெஷினைப் பார்த்ததே இல்லைன்னு சொல்லியிருக்கலாமே மாமா!"

"சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா உன்னைக் கூப்பிடுவாங்களே. அவ்வளவு பெரிய மேஜை, சுத்தி ஆளுங்க. பரீட்சை வருஷத்துல உன்னைக் கொண்டுவந்து அங்க நிறுத்தறதா?"

"பள்ளிக்கூடப் பொண்ணை யாரு மாமா கூப்பிடுவாங்க? ரிப்போர்ட் செல்லாதுன்னு ஓரமா வச்சிட்டு, அப்பாவைத்தான் கேட்டிருப்பாங்க."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு மாமியைப் பார்த்தார். "கூப்பிட மாட்டாங்களா?" என்றார்.

மாமி பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். குழந்தை அவர் பின்னால் தவழ்ந்து போனது.

வீட்டுக்குத் திரும்பி வந்து விளக்கைப் போட்டதும் அம்மா சொன்னாள்: "அந்தப் பொம்பளை நம்மளை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்."

அப்பா, என் வாக்கியத்தில் பொய் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மூன்றும் நடந்ததுதான். ஆனால் நாலாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் முதலில் நடந்தது. கூண்டைக் கழற்றச் சொன்னது நான்தான் என்று பிப்ரவரிக்குள் எழுதிக் கொடுங்கள். திருத்தத் தேவையில்லை. எப்படி வருகிறதோ அப்படி எழுதுங்கள்.

மகள்


ஜனவரி 21

என் கண்ணுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்துக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்திருக்கிறார். பேசமாட்டார்.

உன்னிடம் மறைக்க எனக்கு இனி ஒன்றுமில்லை. முதலில் யார் கழற்றினார் என்று எழுதாமல்தான் உனக்கு அனுப்பினேன். வேண்டுமென்றுதான் விட்டேன். நீ அந்த இடத்தை நிரப்பி அனுப்பினாய். தப்பாக இருந்தால் மாற்றுங்கள் என்றும் எழுதியிருந்தாய். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு ஒழுங்காக இருந்தது. அதில் நான் எங்குமே இல்லை. இல்லாததை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள் என்று தெரிந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

இப்போது போய்ச் சொன்னால் அன்றே என்னை வெளியே அனுப்புவார்கள். இந்த வயதில் எனக்கு யார் வேலை கொடுப்பார்கள்? உன் படிப்பு என்னாகும்? அம்மாவின் வைத்தியம்? அவருக்குப் போனது திரும்பி வராது. நம்முடையதும் போக வேண்டுமா?

நான் தைரியசாலி இல்லை. நீ அப்படி நினைத்திருந்தால் அது உன் தப்பில்லை. இதைப் பற்றி இனி எழுதாதே. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பு.

அப்பா


பிப்ரவரி 3

அன்புள்ள அப்பாவுக்கு,

சாப்பாடு இறங்கவில்லை என்று படித்ததிலிருந்து எனக்கும் இறங்கவில்லை. அம்மா மட்டும் வழக்கம்போலச் சமைக்கிறாள், வழக்கம்போல மூடி வைக்கிறாள்.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் முழுதாகப் படித்தேன். எங்கேயும் விடவில்லை. "படிப்பையும் என் முட்டியையும் சாக்கு வைக்க வேணாம்னு எழுது" என்றாள். "இவ இங்கேயே பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிப்பா. அங்க மட்டும் கூரை இல்லையா?" சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விண்ணப்பத்தை டீச்சரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். அப்பாவுக்கு வேலை நிலையில்லை என்றேன்.

விசாரணை அலுவலகத்துக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன். இங்கிலீஷில்தான். அந்த ரிப்போர்ட்டின் வாக்கியத்தை எழுதியது நான். நான் பத்தாம் வகுப்புப் படிக்கிறேன். அந்த மெஷினை நான் பார்த்ததில்லை. கூண்டைக் கழற்றியவர் யார் என்று என் தந்தை எழுதவில்லை, நானாக ஆப்பரேட்டர் என்று போட்டேன். இப்படிச் சின்னச் சின்னதாக எழுதினேன். சேர்த்து எழுதப் பயமாக இருந்தது. மாமா எழுதிய ஜூலை வரிகளையும் கூட வைத்தேன். கூண்டைக் கழற்றச் சொன்னது என் தந்தை என்று எழுதும்போது கை ஓடவில்லை. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். "எழுது" என்று சொல்லவில்லை, "வேண்டாம்" என்றும் சொல்லவில்லை.

"அவருக்குத் தெரியாமப் போடாதே. அவருக்கும் ஒண்ணு எழுது" என்று மட்டும் சொன்னாள். அதுதான் இது.

தபால்பெட்டி வரைக்கும் அம்மாவும் வருகிறாள். இரண்டு கடிதத்தையும் ஒன்றாகத்தான் போடப்போகிறேன். எது முதலில் போய்ச் சேரும் என்று தெரியவில்லை. இது முதலில் உங்கள் கைக்கு வந்தால், அப்பா, அன்றே போய் நீங்களே சொல்லிவிடுங்கள். நான் சொல்லித் தெரிவதும் நீங்கள் சொல்லித் தெரிவதும் ஒன்றில்லை. அதற்குப் பிறகு என்ன ஆனாலும் வீட்டுக்கு வந்துவிடுங்கள். வேலை இல்லாமல் வந்தாலும் வாருங்கள். கதவைத் திறக்க நான் இருப்பேன்.

அது முதலில் போய்ச் சேர்ந்தால், எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இருமலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மகள்